டெலிகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே செய்வது: முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்யப் போகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டிய மாடல் டெலிகாஸ்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்திய லியோ ஃபெண்டர் 1950-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் வைத்த பெயர் பிராட்காஸ்டர். கிரெட்ஷ் நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் டிரம் விற்றுக்கொண்டிருந்ததால் 1951-இல் டெலிகாஸ்டர் ஆனது. வேகமாகச் செய்யவும், பழுதானால் கழற்றி மாற்றவும் ஏற்ற மாதிரிதான் ஃபெண்டர் இதை அமைத்தார். தட்டையான பாடி (உடல்), நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் நெக் (கழுத்து), அசையாத பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகம்), இரண்டே பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), ஒரே தகட்டில் அடங்கும் கன்ட்ரோல்கள். ஒரு ரூட்டரும் (மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவி) ட்ரில்லும் உள்ள வீட்டில் இதைச் செய்து முடிக்கலாம்.

கிட்டார் கைக்கு இணக்கமாக இருக்குமா, சுருதி சேருமா என்பதைத் தீர்மானிப்பவை நான்கு அளவுகள்: நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் தந்திகள் காடிகளில் அமரும் துண்டு) சாடில் (பிரிட்ஜில் தந்தி அமரும் சிறு துண்டு) வரையுள்ள தூரம், நடுக்கோடு, நெக் உட்காரும் பள்ளத்தின் ஆழம், நட்டில் வெட்டும் காடிகளின் ஆழம். இவற்றில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விரல் உணர்ந்துவிடும். மரம் எது, பெயின்ட் எது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஆகவே நேரத்தையும் கவனத்தையும் இந்த நான்கிலும் கொட்டுங்கள்.

நெக்கை வாங்குங்கள், பாடியைச் செய்யுங்கள்

முதல் கிட்டாருக்கு நெக்கைச் சொந்தமாகச் செய்ய வேண்டாம். ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) பதிக்க வேண்டும், ஃப்ரெட் போர்டுக்கு (விரல் வைக்கும் பலகை) வளைவு கொடுக்க வேண்டும், ஃப்ரெட்களுக்கான (ஸ்வர இடங்களைக் காட்டும் உலோகக் கம்பிகள்) காடிகளைத் துல்லியமாக அறுக்க வேண்டும். 648 மி.மீ. ஸ்கேலில் (நட்டிலிருந்து சாடில் வரையுள்ள தூரம்) முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.35 மி.மீ., பன்னிரண்டாவது 323.85 மி.மீ. தூரத்தில் வர வேண்டும். மீதியிருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் இடம் கிடைக்கும். கணக்கு எளிது. கையால் அறுக்கும்போது அந்தத் துல்லியத்தை இருபத்தோரு முறையும் காப்பாற்றுவதுதான் கடினம்.

நெக் வந்ததும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதி வையுங்கள். அடிப்பகுதியின் அகலம் 56 மி.மீ., மொத்தத் தடிமன் சுமார் 25.4 மி.மீ., நட் அகலம் சுமார் 42 மி.மீ. இருப்பது வழக்கம். டெலி நெக்கின் அடி நேராக வெட்டப்பட்டிருக்கும், ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டர் நெக்கின் அடி வளைந்திருக்கும். மாறி வந்தால் பள்ளத்தில் இடைவெளி தெரியும். அடுத்து நட்டின் உள்விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 648 வரவில்லை என்றால் அது வேறு ஸ்கேல். கடைசியாக நட்டிலிருந்து நெக்கின் முடிவு வரை அளங்கள். ஃபெண்டர் அளவுப்படி செய்த 21 ஃப்ரெட் நெக்கில் இது சுமார் 465 மி.மீ. இருக்கும். விலை குறைந்த 22 ஃப்ரெட் நெக்குகள் சிலவற்றில் இந்த அளவு கூடுகிறது. அதைக் கவனிக்காமல் இணையத்தில் கிடைத்த வரைபடத்தின்படி பிரிட்ஜைப் பொருத்தினால் கிட்டார் ஒருபோதும் சுருதி சேராது.

மற்ற பாகங்கள்: டெலி பிரிட்ஜ் ஒன்று, டியூனர் (தந்தியை முறுக்கும் ஆணி) ஆறு, பிக்கப் ஜோடி ஒன்று, 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் பொட்டென்ஷியோமீட்டர்) இரண்டு, மூன்று நிலை லீவர் ஸ்விட்ச், 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 6.35 மி.மீ. மோனோ ஜாக், கன்ட்ரோல் தகடு, பிக்கார்டு, நெக் தகடு, 4.2 மி.மீ. தடிமனும் 45 மி.மீ. நீளமும் உள்ள நான்கு நெக் ஸ்க்ரூ, 22 கேஜ் ஒயர் இரண்டு மீட்டர். எல்லாப் பாகங்களும் கைக்கு வந்தபிறகே மரத்தில் கை வையுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் அளவும் பெட்டியில் வரும் பாகமும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

மரம்

ஃபெண்டர் முதலில் ஆஷ், பிறகு ஆல்டர் பயன்படுத்தினார். இரண்டும் அங்கே எளிதாகக் கிடைத்த மரங்கள். நம் ஊர் மரக்கடையில் கேட்க வேண்டியவை குமிழ், மலைவேம்பு, சந்தன வேம்பு. எடை குறைவு, ரூட்டருக்கு இணங்கும். தேக்கு அழகுதான், நிலையாகவும் நிற்கும். ஆனால் பாடி மட்டுமே இரண்டரை கிலோவைத் தாண்டும், ஒரு மணி நேரம் நின்று வாசிக்கிறவரின் தோள் அதைச் சொல்லும். வீணைக்குப் பேர்போன பலா மரமும் ஆகும், நன்றாகக் காய்ந்ததாக இருந்தால். மாமரத்தில் வண்டு துளைக்கும், மருந்தேற்றிய பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப், அதன் உயரம், பாட்டின் மதிப்பு, தந்தி ஆகியவை ஒலியில் காட்டும் மாற்றம், மரத்தின் இனம் காட்டும் மாற்றத்தைவிட மிகப் பெரியது. எனவே மரத்தில் மூன்றே விஷயம் பாருங்கள்: நன்கு காய்ந்திருக்கிறதா, முறுக்கு இல்லாமல் இருக்கிறதா, எடை சரியா. ஈரமானியில் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பலகையை வீட்டுக்குள் காற்றோட்டமாக இரண்டு மாதம் வைத்து, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

தேவையான பலகை 450 × 340 × 45 மி.மீ. இந்த அகலத்தில் ஒரே துண்டு கிடைப்பது அபூர்வம், இரண்டை ஒட்டலாம். இரண்டு விளிம்பையும் இழைப்புளியால் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது. தண்ணீர் தாங்கும் ஃபெவிகால் தடவி, நான்கு கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். விளிம்பு முழுக்கச் சிறு முத்துகளாகப் பசை பிதுங்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி ஒட்டு பலவீனமாகும். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். ஒட்டிய பலகை நான்கு கிலோவுக்குள் இருந்தால், வெட்டி முடித்த பாடி தோளுக்கு இதமாக இருக்கும்.

டெம்ப்ளேட்டும் வெட்டும்

முழு அளவு வரைபடத்தை அச்சிட்டதும் அதிலுள்ள ஏதாவது ஒரு தெரிந்த அளவை ஸ்கேலால் சரிபாருங்கள். பக்கத்துக்குள் அடக்கும் அமைப்பில் பிரிண்டர் படத்தை இரண்டு மூன்று சதவீதம் சுருக்கிவிடும். 400 மி.மீ. நீளத்தில் அது ஒரு சென்டிமீட்டர். படத்தை 9 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் ஒட்டி, அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். டெம்ப்ளேட்டில் இருக்கும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அப்படியே பாடிக்குப் போகும். எம்.டி.எஃப். கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம், எனவே பிழையெல்லாம் அதிலேயே நடக்கட்டும்.

பாடிப் பலகையின் முன்பக்கம், பின்பக்கம், இரு முனைகள் எல்லாவற்றிலும் நடுக்கோடு போடுங்கள். பென்சில் உப்புத்தாளில் அழிந்துவிடும், கத்தி முனையால் மெல்லிய கீறலாகப் போடுவது நல்லது. இனி எந்த அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான். பலகையின் ஓரத்திலிருந்து ஒருபோதும் அளக்காதீர்கள்.

ஜிக்சாவால் கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே அறுங்கள். 45 மி.மீ. தடிமனில் ஜிக்சா பிளேடு அடியில் சாய்ந்து போகும், அந்த 3 மி.மீ. அதற்காகத்தான். டெம்ப்ளேட்டைப் பாடியில் ஒட்டி வைத்தால், மீதியை அதன் விளிம்பைத் தொட்டு உருளும் பேரிங் உள்ள பிட் போட்ட ரூட்டர் எடுக்கும். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். வெளி விளிம்பில் ரூட்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், பள்ளங்களுக்குள் கடிகாரத் திசையிலும் நகர்த்த வேண்டும். மாற்றிச் செய்தால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு ஓடும். இடுப்பு வளைவு, கொம்பு முனை போன்ற இடங்களில் இழை குறுக்காக வருவதால் ஒரு பெரிய சிம்பு பெயர்ந்து போகும் ஆபத்து உண்டு. அங்கே 1 மி.மீ. மட்டும் மீதி வைத்து, கடைசிச் சுற்றில் மெல்ல எடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். தேக்குத் தூள் தோலையும் மூச்சுக்குழலையும் எரிச்சலூட்டும்.

நெக் பள்ளம்

இந்தக் கட்டத்தில் அவசரமே கூடாது. வாங்கிய டெம்ப்ளேட்டை நம்பாமல், உங்கள் நெக்கை வைத்தே டெம்ப்ளேட் செய்யுங்கள். எம்.டி.எஃப். பலகையில் நடுக்கோடு போட்டு, நெக்கை அதன்மேல் நேராக வைத்து, இரு பக்கமும் அடியிலும் நேரான மரச்சட்டங்களை நெருக்கி டபுள் டேப்பால் ஒட்டி, பிறகு நெக்கை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் இடம்தான் பள்ளத்தின் வடிவம். ரூட்டரை நேராகப் பாடியில் விடாமல் முதலில் வேண்டாத மரத்துண்டில் ஒரு பள்ளம் வெட்டிப் பாருங்கள். நெக்கை உள்ளே அழுத்தி, நெக்கைப் பிடித்து மரத்துண்டைத் தூக்கினால் அது விழாமல் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். விழுந்தால் தளர்வு. சுத்தியலால் தட்டினால்தான் நுழையும் என்றால் இறுக்கம் அதிகம், பள்ளத்தின் ஓரம் வெடிக்கும்.

ஆழம் 16 மி.மீ. நெக்கின் தடிமன் 25.4 என்றால் ஃப்ரெட் போர்டு பாடிக்கு மேல் சுமார் 9.5 மி.மீ. நிற்கும். ஃப்ரெட்டின் உயரம் சுமார் ஒன்று, அதற்கு மேல் தந்தி பிரிட்ஜ் பக்கம் கிட்டத்தட்ட மூன்று மி.மீ. ஏறும். ஆக சாடிலில் தந்தி பாடியிலிருந்து 13 முதல் 14 மி.மீ. உயரத்தில் வர வேண்டும். உங்கள் பிரிட்ஜின் சாடிலை முழுக்க இறக்கியும் முழுக்க ஏற்றியும் அளந்து, இந்த எண் அவற்றுக்கு நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பள்ளத்தின் ஆழத்தை இப்போதே அதற்கேற்ப மாற்றுங்கள்.

நெக் தகட்டின் துளைகள் 51 × 38 மி.மீ. செவ்வகத்தில் இருக்கும். பாடியில் 4.8 மி.மீ. துளை, நெக்கில் 3.2 மி.மீ. துளை. இரண்டும் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்க்ரூ பாடிக்குள் தடையில்லாமல் நழுவி, நெக்கை மட்டும் கவ்வ வேண்டும். பாடியிலும் மரை பிடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி நின்றுபோகும். நெக்கின் துளை ஆழத்தை ட்ரில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் செய்யுங்கள், இல்லாவிட்டால் பிட் ஃப்ரெட் போர்டைத் துளைத்து வெளியே வரும். நெக்கின் மரமான மேப்பிள் கடினம். ஸ்க்ரூவின் மரையில் சோப்பு தேய்க்காமல் திருகினால் தலை முறியும்.

பிரிட்ஜின் இடம்

நெக்கைக் கிளாம்பில் பிடித்துக்கொண்டு, இரண்டு ஓர டியூனர்களில் நூல் கட்டி, நட் வழியாகப் பிரிட்ஜின் ஓர சாடில்கள் மேல் இழுத்துப் பிடியுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு நூலும் போர்டின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில், சுமார் 3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டிப் போனால் வாசிக்கும்போது அந்தத் தந்தி ஃப்ரெட்டை விட்டு வழுக்கி விழும். பிரிட்ஜை இடமும் வலமும் நகர்த்தி இதைச் சரிசெய்த பிறகு நீளத்துக்கு வாருங்கள்.

மெல்லிய ஈ (E) தந்தியின் சாடிலை முன்பக்கமாகக் கொண்டுவந்து, அதற்கு மேல் இன்னும் 3 மி.மீ. முன்னே போக இடம் இருக்கும்படி நிறுத்துங்கள். அந்த நிலையில் சாடிலின் உச்சி நட்டிலிருந்து சரியாக 648 மி.மீ. இருக்க வேண்டும். மெல்லிய தந்தி இங்கிருந்து ஒன்றிரண்டு மி.மீ. பின்னே போகும், தடித்த ஈ நான்கு ஐந்து மி.மீ. வரை போகும். எல்லா நகர்வும் பின்பக்கம்தான், ஆகவே பின்னால் தாராளமாக இடம் விடுங்கள். இரண்டு முறை அளந்து, மறுநாள் மூன்றாவது முறை அளந்து, பிறகு துளையிடுங்கள்.

தந்தி பாடியின் பின்னாலிருந்து வரும் வகை பிரிட்ஜ் என்றால் 3.2 மி.மீ.யில் ஆறு துளை, செங்குத்தாகப் போக வேண்டும். கை ட்ரில்லில் பிட் இழையோடு சாய்ந்து, பின்பக்கம் தந்தியைப் பிடிக்கும் ஆறு வளையமும் கோணல்மாணலாக வெளிப்படும். ட்ரில் ஸ்டாண்டு கிடைக்காதவர்கள் தந்தியைப் பிரிட்ஜிலேயே மாட்டும் வகையை வாங்கிவிடலாம். ஒலியில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

மற்ற பள்ளங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பிக்கப் பள்ளங்கள் 16 முதல் 19 மி.மீ., கன்ட்ரோல் பள்ளம் 38 மி.மீ. அடியில் 7 மி.மீ. மரம்தான் மிஞ்சும், ரூட்டரின் ஆழ நிறுத்தியைப் பூட்டாமல் தொடாதீர்கள். ஜாக்குக்குப் பக்கவாட்டில் 22 மி.மீ. துளை. நெக் பிக்கப்பிலிருந்து பிரிட்ஜ் பள்ளத்துக்கும், அங்கிருந்து கன்ட்ரோல் பள்ளத்துக்கும் நீண்ட 8 மி.மீ. பிட்டால் சாய்வாகத் துளையுங்கள். பிரிட்ஜ் தகட்டின் அடிக்கும் ஒரு எர்த் ஒயர் போக வழி வேண்டும். பெயின்ட் அடித்த பிறகுதான் இது பலருக்கு நினைவு வரும்.

பூச்சு

120, 180, 240 என உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போங்கள். 180 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் இழையை 240-ஆல் எடுங்கள். தேக்கு, ஆஷ் போன்ற துவாரமுள்ள மரத்துக்கு கிரெயின் ஃபில்லர் வேண்டும். பிறகு சீலர், அதன்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் மெல்லிய பூச்சாக எட்டு பத்து. மழை நாளில் அடித்தால் லாக்கர் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகும். காற்றின் ஈரம் படிவதால் வருவது அது. வறண்ட நாளுக்குக் காத்திருங்கள், அல்லது மெதுவாக ஆவியாகும் தின்னர் சேருங்கள். இரண்டு மூன்று வாரம் காய்ந்த பிறகு 1000, 1500, 2000 தாள்களால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். ஓரங்களில் பூச்சு மிக மெலிதாக இருக்கும், அங்கே இரண்டு தேய்ப்புக்கு மேல் வேண்டாம். ஸ்ப்ரே வசதி இல்லாதவர்களுக்குத் துணியால் பூசும் பாலியூரித்தேன் அல்லது டங் எண்ணெய் போதும். நெக் பள்ளத்துக்குள் பூச்சு போகாமல் டேப் ஒட்டுங்கள்.

ஒயரிங்

பள்ளங்களில் தாமிர ஃபாயில் ஒட்டி, துண்டுகளுக்கிடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். ஃபாயிலை எர்த்தோடு இணைத்தால் ட்யூப்லைட், டிம்மர் போன்றவற்றிலிருந்து வரும் கரகரப்பு குறையும். சிங்கிள் காயில் பிக்கப்பின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஃபாயிலால் போகாது, அது காயிலின் இயல்பு. ஸ்விட்ச்சின் முனை ஃபாயிலில் பட்டால் ஒலி முழுக்க நின்றுவிடும், அதன் அருகே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

பாட்டின் மூன்று முனைகளில் எது எது என்று வரைபடம் பார்த்துக் குழம்ப வேண்டாம். தண்டைக் கடிகாரத் திசையில் கடைசி வரை திருப்பி, மல்டிமீட்டரை நடு முனையிலும் ஓர முனையிலும் வையுங்கள். பூஜ்யம் காட்டும் ஓரம்தான் வால்யூமின் உள்வழி. 250 கிலோ ஓம் அருகே காட்டும் ஓரம் எர்த், அதைப் பாட்டின் முதுகோடு சேர்த்துப் பற்றவையுங்கள். நடு முனை ஜாக்கின் நுனிக்குப் போகும். டோன் பாட்டில், வால்யூமின் உள்வழியிலிருந்து கெப்பாசிட்டர் வந்து நடு முனையில் சேரும். 250 காட்டிய ஓரம் எர்த்துக்குப் போகும். பூஜ்யம் காட்டிய ஓரம் சும்மா இருக்கட்டும்.

லீவர் ஸ்விட்ச்சில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு பொது முனை, மூன்று நிலை முனை. பொது முனை இரண்டையும் ஒயரால் இணைத்து வால்யூமின் உள்வழிக்குக் கொண்டுபோங்கள். முதல் வரிசையில் 1, 2 முனைகளைச் சேர்த்து பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட் ஒயர் (ஒலியைக் கொண்டுவரும் ஒயர்). இரண்டாம் வரிசையில் 2, 3 முனைகளைச் சேர்த்து நெக் பிக்கப்பின் ஹாட் ஒயர். நடுநிலையில் இரண்டு பிக்கப்பும் ஒலிப்பது இப்படித்தான். எந்த முனை எந்த நிலையில் பொது முனையோடு சேருகிறது என்பதை ஈயம் வைக்கும் முன் மல்டிமீட்டரின் பீப் ஒலியால் கண்டுபிடித்து மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் அமைப்பு மாறும்.

ஈயம் 60/40, 0.8 அல்லது 1 மி.மீ. பாட்டின் முதுகு பெரிய உலோகப் பரப்பு, 25 வாட் அயர்ன் சூடேற்றத் திணறும். 40 முதல் 60 வாட் வரை வேண்டும். முதுகை உப்புத்தாளால் சுரண்டி, முதலில் ஈயப் பொட்டு வைத்து, பிறகு ஒயரை அதில் அமிழ்த்துங்கள். மூன்று நான்கு வினாடியில் முடிய வேண்டும். ஒட்டு பளபளவென்று சரிவாகப் படிந்திருந்தால் நல்லது. சாம்பல் நிறத்தில் பொரிபொரியாக இருந்தால் ஒரு மாதத்தில் ஒலி விட்டு விட்டு வரும்.

தந்தி மாட்டும் முன் ஜாக்கில் கேபிள் செருகி, மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் நடுவே ஓம் அளங்கள். பிரிட்ஜ் நிலையில் ஏழு கிலோ ஓம் சுற்றி, நெக் நிலையிலும் ஏறக்குறைய அப்படியே, நடுநிலையில் பாதி, அதாவது மூன்றரை. வால்யூமை மூடினால் பூஜ்யம். இந்த எண்கள் வந்தால் ஒயரிங் சரி. அளவே காட்டவில்லை என்றால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. எல்லா நிலையிலும் பூஜ்யம் என்றால் ஹாட் ஒயர் எர்த்தில் படுகிறது, முதலில் ஜாக்கைப் பாருங்கள்.

இரண்டு பிக்கப்பை வேறுவேறு கடையில் வாங்கியிருந்தால் நடுநிலையில் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போல வரக்கூடும். இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருப்பதே காரணம். ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் தீரும் என்பார்கள். டெலியில் அது அவ்வளவு நேரடியானதல்ல. பிரிட்ஜ் பிக்கப்பின் அடித்தகடு அதன் எர்த் ஒயரோடு இணைந்திருக்கிறது. அதை மாற்றினால் அந்தத் தகடு ஹாட் ஆகிவிடும். அது எர்த்தில் இருக்கும் பிரிட்ஜோடு ஸ்க்ரூக்கள் வழியே சேர்ந்து ஒலியையே நிறுத்திவிடும். நெக் பிக்கப்பைத் திருப்பிப் பாருங்கள். உலோக மூடியிலிருந்து ஒரு சிறு கம்பி கறுப்பு ஒயரின் முனையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தக் கம்பியை வெட்டி, மூடிக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டபிறகு வெள்ளையையும் கறுப்பையும் மாற்றுங்கள். பக்கத்திலேயே இருக்கும் காயில் கம்பி முடியைவிட மெல்லியது. அயர்ன் நுனி அதில் பட்டால் பிக்கப் போச்சு.

மாற்றங்கள்

மூடியின் எர்த்தைப் பிரித்துவிட்டால் நான்கு நிலை ஸ்விட்ச் போடும் வழியும் திறக்கிறது. நான்காவது நிலையில் இரண்டு பிக்கப்பும் தொடராக இணைந்து, ஹம்பக்கருக்கு (இரண்டு காயில் கொண்ட பிக்கப்) நெருங்கிய தடித்த, உரத்த ஒலி தரும். டெலியில் செய்யக்கூடிய மாற்றங்களில் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான்.

வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்குவது பிடிக்கவில்லை என்றால், வால்யூமின் உள்வழிக்கும் நடு முனைக்கும் நடுவே 0.001 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்கவாட்டாகச் சேர்த்து வையுங்கள். ஹம்பக்கர் மாட்டுகிறவர்கள் பாட்டை 500 கிலோ ஓமுக்கு மாற்ற வேண்டும், 250-இல் அது மந்தமாகக் கேட்கும்.

கையில் ஏற்கெனவே விலை குறைந்த கிட்டார் இருந்து அதை மேம்படுத்த நினைப்பவர்கள் பிக்கப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். முதலில் நட், அடுத்து செட்டப், பிறகு டியூனர், கடைசியில் பிக்கப் என்ற வரிசையே பணத்துக்குப் பலன் தரும். பாட் மாற்றும்போது ஒரு கவனம்: சிறிய பாட்டின் துளையில் பெரிய அமெரிக்க அளவுப் பாட் நுழையாது, 9.5 மி.மீ. வரை ரீமரால் விரிக்க வேண்டும். தண்டின் பல் எண்ணிக்கையும் மாறுவதால் பழைய குமிழ் பொருந்தாமல் போகலாம்.

செட்டப்

10–46 தந்தி மாட்டி, முழுச் சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் விடுங்கள். ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 46 கிலோ இழுவிசை கொடுக்கின்றன, புது நெக் அதற்குப் பழக வேண்டும். அதன்பிறகு இந்த வரிசையை மாற்றாதீர்கள்: நெக் வளைவு, நட், உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது), பிக்கப். ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் மாறும்.

தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் கேப்போவாலும் (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), நெக் பாடியைத் தொடும் ஃப்ரெட்டில் விரலாலும் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) அளங்கள். 0.25 மி.மீ. இருக்கட்டும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கடிகாரத் திசையில் கால் சுற்று இறுக்கி, மீண்டும் சுருதி சேர்த்து அளங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம்.

நட்டைச் சோதிக்கத் தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் அளவு, சுமார் 0.1 மி.மீ., இடைவெளி வேண்டும். கடையில் வாங்கிய நெக்கில் இது பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். அதனால்தான் முதல் நிலை கார்டுகள் (ஸ்வரக் கூட்டுகள்) விரலுக்கு வலியும் காதுக்குச் சுருதி பிசகலும் தருகின்றன. தந்தியின் தடிமனுக்கேற்ற அரத்தால், டியூனர் பக்கம் சாய்வாக, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அளந்துகொண்டே வெட்டுங்கள். ஆழம் மீறிவிட்டால் எலும்புத்தூளோ சமையல் சோடாவோ நிரப்பி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு மறுபடி வெட்டலாம்.

பதினேழாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் 1.6 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். சாடில் முழுக்க இறங்கியும் தந்தி உயரமாகவே இருந்தால், நெக் பள்ளத்தில் பிரிட்ஜ் பக்கத்து முனையில் 0.5 மி.மீ. தகடு ஒன்று வையுங்கள். நெக் லேசாகப் பின்னே சாய்ந்து, சாடிலை உயர்த்த இடம் கிடைக்கும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் தந்தி கரகரத்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. மூன்று ஃப்ரெட்டின் மேல் மட்டும் உட்காரும் சிறு இரும்புத் துண்டை வைத்து ஆட்டினால் தூக்கலானது எது என்று தெரியும். முதலில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள், அதற்கும் மசியாவிட்டால்தான் அரம்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே. பழைய பாணி மூன்று சாடில் பிரிட்ஜில் ஒவ்வொரு சாடிலும் இரண்டு தந்தியைச் சுமப்பதால் முழுத் துல்லியம் வராது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்தான் சாத்தியம். அது பொறுக்காதவர்கள் ஆறு சாடில் பிரிட்ஜ் வாங்குவதே மேல்.

கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பிக்கப் காந்தத்துக்கும் தந்திக்கும் நடுவே தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மி.மீ. விடுங்கள். இதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் ஸ்வரம் அலைபாயும், எவ்வளவு சாடில் திருகினாலும் இன்டொனேஷன் நிற்காது. இரண்டு பிக்கப்பையும் மாறிமாறி வாசித்து, ஒலி அளவு சமமாகும் வரை நெக் பிக்கப்பைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். இரண்டு வாரம் வாசித்த பிறகும், மழைக்காலம் தொடங்கும்போதும் நெக் வளைவை மட்டும் மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் ட்ரஸ் ராடில் எட்டில் ஒரு சுற்று போதுமாக இருக்கும்.